நரிக்குடி சீமை சொல்லித் தரும் பணப் பாடம்: கடன் வாங்கி ஊர்ல பிளாட் வாங்கலாமா?



போன மாசம் ஊர்க்காரத் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். வயசு 26. சென்னையில் வேலை. பிடித்தம் போக கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். சொந்த ஊர் நரிக்குடி பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா மானாவாரி விவசாயி.

"அண்ணே, அருப்புக்கோட்டை நாலு வழிச் சாலை பக்கம் ஒரு பிளாட் வருது. அஞ்சு லட்சம். பெர்சனல் லோன் 14 சதவீதத்துல தர்றேங்கிறாங்க. கையில 40,000 ரூபாய் இருக்கு. இப்ப விட்டா விலை ஏறிடும்ங்கிறாங்க. வாங்கட்டுமா?"

எனக்கும் அதே பக்கம்தான். உடனே பதில் சொல்லல. "ரெண்டு நாள் டைம் கொடு, நம்ம ஊர் கதையை வச்சே பதில் சொல்றேன்"னு சொன்னேன். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. மாசச் சம்பளம் வாங்குற, ஊர்ல அப்பா அம்மா இருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். வாங்க, பார்க்கலாம்.

முதல்ல ஊரைத் தெரிஞ்சுக்குவோம்

நரிக்குடி, விருதுநகர் மாவட்டத்தில் உள்ள 11 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. திருச்சுழி, அருப்புக்கோட்டை, இந்தப் பக்கம் மானாமதுரை, அந்தப் பக்கம் கமுதி. இதுக்கு நடுவில் இருக்கிற வானம் பார்த்த பூமி. 1985 வரைக்கும் இது ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால்தான் இன்னமும் பெரியவங்க "ராம்நாடு ஜில்லா"ன்னு சொல்வாங்க.

மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் இந்த நரிக்குடி பக்கத்தில்தான் இருக்கு. ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தது திருச்சுழியில். எம்.ஜி.ஆர். 1977இல் முதன்முதலாக முதலமைச்சர் ஆனபோது அவர் ஜெயித்த தொகுதி அருப்புக்கோட்டை. பேர் பெற்ற சீமைதான். ஆனால் பணம்?

2018இல் மத்திய அரசு, முன்னேற வேண்டிய மாவட்டங்கள்னு ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் வந்தது ரெண்டே மாவட்டம்: விருதுநகர், ராமநாதபுரம். ஒரு பக்கம் சிவகாசி, ராஜபாளையம்னு தொழில் நகரங்கள். இன்னொரு பக்கம் நரிக்குடி, திருச்சுழி மாதிரி மழையை மட்டுமே நம்பின ஒன்றியங்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளே ரெண்டு உலகம்.

இந்த வறண்ட நிலத்தில் மனுஷங்க பல நூறு வருஷம் எப்படித் தாக்குப் பிடிச்சாங்க? அதில்தான் நமக்கான பாடம் இருக்கு.

பாடம் 1: கண்மாய் – ரெண்டு மாச மழை, பன்னிரண்டு மாச வாழ்க்கை

விருதுநகர் மாவட்டத்தின் சராசரி மழை வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சுற்றித்தான். அதில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிடும். குண்டாறும் கிருதுமால் நதியும் வருஷம் முழுக்க ஓடுற ஆறுகள் இல்லை. தண்ணி வந்தா வந்ததுதான்.

அதனால முன்னோர்கள் என்ன செஞ்சாங்க? ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினாங்க. வரத்துக்கால் வழியா தண்ணி உள்ளே வரும். மடை வழியா வயலுக்குப் போகும். நிறைஞ்சு மிஞ்சினா கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும். மடையைத் திறக்க நீர்பாய்ச்சின்னு ஒரு ஆளே இருப்பார். எந்த வயலுக்கு எப்போ, எவ்வளவு நேரம்ங்கிறதுக்கு ஊர் முறை உண்டு. அவனவன் இஷ்டத்துக்கு மடையைத் திறந்தா தை மாசத்திலேயே கண்மாய் காஞ்சிடும்.

நம்ம சம்பளமும் இப்படித்தான். மாசம் ஒரு நாள் மழை, மீதி 29 நாள் வெயில். நிறையப் பேர் வரத்துக்கால் சரியா வச்சிருக்கோம், சம்பளம் ஒழுங்கா வருது. ஆனா மடையில் ஆள் இல்லை. யுபிஐ வந்தப்புறம் மடை எப்பவும் திறந்தே கிடக்கு.

கண்மாய் இருந்தும் ஏமாத்துற வருஷம் உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வருஷம் எங்க பக்கம் கையில் சேமிப்பு இருந்த குடும்பம் ஆட்டை மாட்டை விக்கல. சேமிப்பு இல்லாத குடும்பம் முதல்ல ஆட்டை வித்தது, அப்புறம் நகையை வச்சது, அப்புறம் திருப்பூருக்கு பஸ் ஏறிச்சு.

நம்ம வறட்சிக்குப் பேர் வேலை போறது, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, கம்பெனி சம்பளத்தைத் தள்ளிப் போடுறது. அதுக்கான கண்மாய்தான் அவசர கால நிதி. குறைந்தது 6 மாதச் செலவு.

தம்பியோட கணக்கைப் போட்டுப் பார்த்தோம்:

- ரூம் வாடகை, சாப்பாடு: 13,000
- பஸ், போன், மற்றவை: 3,000
- வீட்டுக்கு அனுப்புறது: 6,000
- மொத்தம்: 22,000
- மீதி: 10,000

6 மாதச் செலவு 1,32,000 ரூபாய். கையில் இருப்பது 40,000. அதாவது இரண்டு மாதத்துக்குக்கூட முழுசா வராது. இந்த நிலையில்தான் அவன் கடனுக்குக் கையெழுத்துப் போட இருந்தான்.

பாடம் 2: மகிமை – லாபம் பார்க்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வை

அருப்புக்கோட்டையும் அதை ஒட்டிய பாளையம்பட்டியும், 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் காலூன்றிய ராமநாதபுரச் சீமையின் ஆறு ஊர்களில் இரண்டு. மற்ற நாலும் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி. வண்டி மாடுகளோட சரக்கு கொண்டு வந்தவங்க, வழிப்பறிக்குப் பயந்து வண்டிகளைப் பாதுகாப்பா நிறுத்தப் பேட்டைகள் அமைச்சாங்க. அந்தப் பேட்டையைப் பராமரிக்கவும் பொதுக் காரியங்களுக்கும் ஒரு நிதி. அதுக்குப் பேர் மகிமை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: மகிமை என்பது வருஷக் கடைசியில் "லாபம் வந்தா பார்க்கலாம்"னு கொடுத்த நன்கொடை இல்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு பங்கு, சரக்கு கை மாறும்போதே எடுத்து வைக்கப்படும். உறவின்முறை அதை நிர்வகிக்கும். வருஷக்கணக்கா சேர்ந்த அந்தச் சின்னச் சின்னப் பங்குகள்தான் பள்ளிக்கூடங்களா, கல்லூரிகளா நின்னுச்சு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலாவுக்கு வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியும் துணை நின்றது. காமராஜர் படித்த பள்ளி அது. இந்த வணிகச் சமூகத்தின் முயற்சியால் 1921இல் தூத்துக்குடியில் ஒரு வங்கியே தொடங்கப்பட்டது. அன்றைக்கு நாடார் வங்கி, 1962லிருந்து தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இந்தப் பாதுகாப்பு உறவின்முறைக்குள்ளே இருந்தவங்களுக்குக் கிடைச்சது. வெளியே இருந்த கூலி விவசாயிக்கும் பனையேறிக்கும் இப்படி ஒரு பொது நிதி இல்லை. சேமிக்கணும்ங்கிற ஆசை அவங்களுக்கும் இருந்திருக்கும். ஏற்பாடுதான் இல்லை. ஏற்பாடு இருக்கிற இடத்தில்தான் சேமிப்பு நடக்கும்.

இன்னிக்கு அந்த ஏற்பாடு ஆட்டோ டெபிட் வடிவத்தில் நம்ம எல்லோர் போனிலும் இருக்கு. சம்பளம் வந்த மறுநாளே பணம் ஆர்டிக்கோ எஸ்ஐபிக்கோ போயிடணும். மாதம் 3,000 ரூபாய், 7 சதவீத வட்டி கிடைத்தால் 10 வருஷத்தில் சுமார் 5.19 லட்சம் ஆகும். நீங்க போட்டது 3.6 லட்சம். "மாசக் கடைசியில் மிஞ்சினா போடுறேன்"னு சொல்றவங்ககிட்ட அந்த 3.6 லட்சமும் இருக்காது.

பாடம் 3: சத்திரம் – முதலைத் தொடாதே

முன்னெல்லாம் ராமேஸ்வரம் போற யாத்திரிகர்கள் இந்தப் பக்கமாத்தான் நடந்து போவாங்க. அவங்களுக்காக மருதுபாண்டியர் பேரில் நரிக்குடியில் ஒரு சத்திரம் இருக்கு. அந்தக் காலத்துச் சத்திரம் எப்படி நடந்தது தெரியுமா? கட்டினவர் தினமும் காசு கொடுக்க மாட்டார். சத்திரத்துக்குன்னு நிலம் எழுதி வைப்பார். நிலத்தின் விளைச்சலில் சோறு போடணும், நிலத்தை விற்கக் கூடாது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். எழுதி வச்ச ஆள் போன பிறகும் அடுப்பு எரியணும்னுதான் இப்படி நிலம் எழுதி வைக்கிற முறையே வந்தது.

ஓய்வு காலப் பணத்துக்கும் இதே விதிதான். பிஎஃப் என்பது உங்க சத்திர நிலம். வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்து பைக் வாங்கினா, நிலத்தை வித்துச் சோறு போட்ட மாதிரி. கம்பெனி மாறினா பழைய பிஎஃப் பணத்தை புதுக் கணக்குக்கு மாத்திடுங்க. எடுக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. விளைச்சல் விலை ஏறும்போது நிலத்தின் வருமானமும் ஏறும். எஃப்டி வட்டி அப்படி ஏறாது. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் எல்லாமே இரட்டிப்பு விலை. அதனால நீண்ட காலப் பணத்தை முழுசும் எஃப்டியில் பூட்டி வைக்காம, ஒரு பகுதியைப் பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் வைக்கலாம். ஏற்ற இறக்கம் உண்டு. 7, 8 வருஷத்துக்குள் தேவைப்படுற பணத்தை அதில் போடாதீங்க.

பாடம் 4: பருத்தி – விலை ஏறுதுன்னு எல்லாரும் சொல்லும்போது

இந்தக் கரிசல் மண்ணோட பெரிய சொத்து பருத்தி. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் போன பருத்தி நின்னுபோச்சு. உடனே இந்தியப் பருத்திக்கு ஏகப்பட்ட விலை. "இனி விலை இறங்கவே இறங்காது"ன்னு நம்பி கடன் வாங்கி வியாபாரம் பண்ணினவங்க ஏராளம். 1865இல் போர் முடிஞ்சது. விலை சரிஞ்சது. பம்பாயில் பெரிய பெரிய வியாபாரிகளும் வங்கிகளும் கவிழ்ந்தாங்க.

விலை ஏறினது பொய்யில்லை. ஆனா ஏன் ஏறுது, எப்போ நிக்கும்னு கேட்காம, அதுவும் கடன் வாங்கி இறங்கினதுதான் தப்பு. "நாலு வழிச் சாலை வந்தாச்சு, இனி விலை ஏறிக்கிட்டே போகும்"னு சொல்லும்போதும் அதே கேள்வியைக் கேளுங்க.

பாடம் 5: தறி – முன்பணம் என்கிற கயிறு

பருத்தி இருந்த இடத்தில் நூல், நூல் இருந்த இடத்தில் தறி. அருப்புக்கோட்டையில் தேவாங்கர், சாலியர் உள்ளிட்ட நெசவுச் சமூகத்தார் தலைமுறை தலைமுறையா கைத்தறி நெய்தவங்க. 20ஆம் நூற்றாண்டில் நூற்பாலைகள் வந்தன. ஜெயவிலாஸ், ராமலிங்கா போன்ற ஆலைப் பேர்கள் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் விசைத்தறி வந்தது, கைத்தறிக்கு வேலை குறைஞ்சது.

அப்போ தப்பிச்சவங்க யார்? பிள்ளைகளைப் படிக்க வச்சவங்க. தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவ பானு சத்திரிய கல்லூரியும் அந்த ஊரில் நிக்கிறது சும்மா இல்லை. ஒரே தொழிலை மட்டும் நம்பக் கூடாதுன்னு ரெண்டு சமூகமும் புரிஞ்சுக்கிட்டதோட அடையாளம் அது. உங்க வேலைக்கும் ஒரு "விசைத்தறி" வரும். வருஷத்துக்கு ஒரு புதுத் திறமைக்காக கொஞ்சம் பணம் ஒதுக்குங்க. அதுவும் முதலீடுதான்.

தமிழ்நாட்டு விசைத்தறிப் பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு: முன்பணம். கல்யாணம், வைத்தியம்னு தறி முதலாளிகிட்ட மொத்தமா பணம் வாங்கிடுவாங்க. கூலியில் கழியும். கடன் தீராதவரைக்கும் கூலி நல்லா கிடைக்கிற வேற தறிக்குப் போக முடியாது. கடனோட உண்மையான விலை வட்டி மட்டும் இல்லை. வேண்டாம்னு சொல்லி எழுந்து போற சுதந்திரமும் போயிடும்.

இஎம்ஐ இருக்கிறவன் மோசமான மேனேஜரைச் சகிச்சுக்குவான். நல்ல ஆஃபர் வந்தாலும் "ஒரு மாசம் சம்பளம் தள்ளிப் போச்சுன்னா?"ன்னு பயப்படுவான். பேர்தான் வேற, கயிறு அதேதான்.

பாடம் 6: சீமைக்கருவேலம் – நல்லது மாதிரி வந்து நிலத்தைப் பிடிக்கும்

நரிக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். விறகுக்காக வந்த மரம். இதை வெட்டி, மூட்டம் போட்டு, மண்ணால் மூடி, நாள்கணக்கில் கனிய விட்டு கரி எடுப்பாங்க. மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தக் கரிமூட்டம்தான். அதை மறுக்க முடியாது. ஆனா ஒரு வருஷம் உழாம விட்ட நிலத்தை அது பிடிச்சுக்கும். திரும்ப விவசாயம் பண்ணணும்னா வேரோட பிடுங்க எந்திரம் வேணும், அதுக்குச் செலவு வேற.

கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டுறதும் இதேதான். 50,000 ரூபாய் பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி என்று வச்சுக்குங்க. வட்டி 1,750. அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 315. மொத்தம் 2,065. நீங்க 2,500 கட்டினால் அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். மரம் பச்சையா அழகாத்தான் தெரியும். அடியில் வேர் போய்க்கிட்டே இருக்கும்.

இப்போ தம்பியோட பிளாட் கணக்கு

5 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம். இஎம்ஐ சுமார் 11,634 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 6.98 லட்சம். பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 5 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் 45,000.

இப்போ பாருங்க:

- கையில் 40,000. பத்திரத்துக்கே 45,000. முதல் நாளே கண்மாய் காலி, மேல 5,000 கடன்.
- மாதம் மிஞ்சுவது 10,000. இஎம்ஐ 11,634. மாசா மாசம் 1,634 துண்டு விழும். அது எங்கே போகும்? கிரெடிட் கார்டுக்கு. அல்லது வீட்டுக்கு அனுப்புற 6,000இல் கை வைக்கணும்.
- மொத்தச் செலவு சுமார் 7.43 லட்சம். போட்ட காசு திரும்பி வரவே 5 வருஷமும் விலை ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல் ஏறணும். அதுவும் வித்தால்தான்.

மாற்று வழி: அந்த 10,000இல் 2,000 இன்சூரன்ஸுக்கு. மீதி 8,000 முதல் 12 மாதம் அவசர நிதிக்கு. கையில் உள்ள 40,000 உடன் 1.32 லட்சம் நிறைஞ்சிடும். அடுத்த 4 வருஷம் அதே 8,000 ஆர்டியில், 7 சதவீதம் என்றால் சுமார் 4.41 லட்சம். ஐந்து வருஷக் கடைசியில் கையில் ஏறக்குறைய 5.7 லட்சம், கடன் பூஜ்யம். இதில் சம்பள உயர்வை நான் சேர்க்கவே இல்லை.

"அதுக்குள்ள பிளாட் விலை ஏறிடுமே அண்ணே?" என்றான். ஏறலாம். அந்தக் குறிப்பிட்ட இடம் கை விட்டுப் போகலாம். ஆனா இடையில் ஒரு வறட்சி வந்தா, அவனும் அவங்க அப்பாவும் நிலைச்சு நிப்பாங்க. நான் பார்க்கிறது அதைத்தான்.

இடம் வாங்குறவங்க கட்டாயம் பார்க்க வேண்டியவை

1. மனைப்பிரிவுக்கு டிடிசிபி அனுமதி இருக்கா? 2016 அக்டோபர் 20க்குப் பிறகு போட்ட அனுமதியில்லாத மனைன்னா கிட்டேயே போகாதீங்க.
2. வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு. ஆன்லைனிலேயே பார்க்கலாம்.
3. எங்க பக்கம் ரொம்ப முக்கியம்: அது கண்மாய், ஓடை, வரத்துக்கால் புறம்போக்கா? நாலு வருஷம் மழை இல்லைன்னா கண்மாயும் காலி மனை மாதிரிதான் தெரியும். ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் "மழை பெய்தா தண்ணி எங்கே நிக்கும்?"னு கேளுங்க.

வீட்டுக்குப் பணம் அனுப்புறவங்களுக்கு

வெறும் பணம் மட்டும் அனுப்பாதீங்க. அப்பாவோட பயிருக்குப் பயிர்க் காப்பீடு போட்டாச்சான்னு கேளுங்க. ராபி பருவ உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஏக்கருக்கு 30,000 என்று வச்சுக்கிட்டா 450 ரூபாய். பருத்தி, மிளகாய் போன்றவற்றுக்கு 5 சதவீதம் வரை. வருஷம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கிலேயே இருக்கு. 70 வயது தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் ஆயுஷ்மான் அட்டை எடுத்துக் கொடுங்க. லீவுக்குப் போகும்போது அரை நாள் வேலை.

தம்பி என்ன முடிவு எடுத்தான்?

லோன் எடுக்கல. ஆனா ஒரு விஷயம் சொன்னான். "அண்ணே, பிளாட் எனக்காக இல்ல. அப்பா, 'மகன் மெட்ராஸ்ல இருக்கான், என்ன வாங்கினான்'னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்ல முடியாம இருக்காரு."

இதுதான் நிஜம். நிறைய இஎம்ஐ ஊர் வாயை அடைக்கத்தான் ஓடுது. அவன் தீபாவளிக்குப் போனப்போ அப்பாகிட்ட கணக்கை நோட்டில் எழுதிக் காட்டியிருக்கான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "2017ல இந்த மாதிரி ஒரு லட்சம் கையில இருந்திருந்தா உங்க அம்மா தாலிச் செயினை அடகு வச்சிருக்க மாட்டோம்டா"ன்னு சொன்னாராம். அத்தோட பிளாட் பேச்சு முடிஞ்சது.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க 6 மாதச் செலவு எவ்வளவுன்னு எழுதுங்க, கையில் எவ்வளவு இருக்குன்னு பக்கத்தில் எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு ஆட்டோ டெபிட் போடுங்க. உங்க ஊர் கண்மாய் பேர் என்னன்னு கமெண்டில் சொல்லுங்க.

(இது பொதுவான தகவல். வட்டி விகிதமும் கட்டணங்களும் மாறும். முடிவெடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைச் சரி பாருங்கள்.)